நெற்றியில் தேய்த்த விரல்

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. அங்கிருந்து இன்னும் உள்ளே, ஒரு ரேஷன் கடை. வரிசையில் நின்ற ஆயா நாலு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டார். மிஷின் ஒவ்வொரு முறையும் 'ங்' என்றது.

"ரேகை விழல ஆயா. நெத்தியில தேச்சிட்டு வையி."

ஆயா ஆள்காட்டி விரலை நெற்றியில் ஒரு இழு இழுத்து, கண்ணாடியில் அழுத்தினார். விழுந்துவிட்டது.

இந்த வித்தையை அந்த விற்பனையாளருக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் இதில் சுத்தமான இயற்பியல் இருக்கிறது. கண்ணாடிக்கு அடியிலிருந்து பாயும் ஒளி, மேற்பரப்பில் பட்டு முழுதாகத் திரும்பி வரும். ரேகையின் மேடு கண்ணாடியை ஒட்டும் இடத்தில் மட்டும் அது கெட்டு, கறுப்புக் கோடு விழும். பள்ளத்தில் காற்று இருப்பதால் அங்கே வெளிச்சம். விரல் காய்ந்து கிடந்தால் மேடு சரியாக ஒட்டாது. கோடு துண்டு துண்டாக வரும். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வியர்வைச் சுரப்பிதான். நெற்றியிலோ எண்ணெய் தாராளம். ஆயா கடன் வாங்கியது அதைத்தான்.

ஆனால் மேடே தேய்ந்து போயிருந்தால் நெற்றி எண்ணெய் என்ன செய்யும்? மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, கல் பொறுக்கி, விறகு ஒடித்த கைகள். வயதானால் தோலும் தளர்ந்துவிடும்.

பாஸ்வேர்டு என்றால் ஒன்று சரி, அல்லது தப்பு. ரேகை அப்படி இல்லை. ஒரே விரலை இரண்டு முறை வைத்தால் இரண்டு படமும் ஒன்றாக இருக்காது. ஆகவே கணினி, கோடு முடியும் இடம், கிளை பிரியும் இடம் என்று புள்ளிகளைக் குறித்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். பாஸ் மார்க் ஒன்று வைத்திருப்பார்கள். அதை உயர்த்தினால் திருடன் நுழைய முடியாது, கூடவே உரியவரும் ஃபெயில் ஆவார். தாழ்த்தினால் அடுத்தவர் விரலுக்கும் அரிசி போய்விடும். இரண்டு தவறையும் ஒருசேர ஒழிக்க வழியே இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே தந்த கணக்கின்படி, நாட்டளவில் கைரேகை தோற்பது 6 சதவீதம், கருவிழி 8.54 சதவீதம். தாளில் பார்த்தால் சின்ன எண்தான். வரிசையில் நிற்பவருக்கு அது முழுசாக ஒரு நாள் கூலி.

எனக்கு எரிச்சல் ஊட்டுவது பிழை நேர்வது அல்ல, அது பேசும் பாஷை. பிழை எண் 300 என்று வந்தால் ரேகை பொருந்தவில்லை. 330 வந்தால் உரியவரே தன் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 811 என்றால் அந்த ஆதாரில் ரேகைப் பதிவே இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. வரிசைக்கு வந்து சேர்வதோ "ரேகை விழல" என்ற ஒரே சொல். குற்றம் விரல் மேல்.

மலையில் இன்னொரு சிக்கல். விரலின் படம் பூட்டுப் போட்ட பொட்டலமாக ஆதார் தரவு மையத்துக்குப் போய், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று திரும்ப வேண்டும். நடுவே டவர் போனால் எதுவும் திரும்பாது. பதில் இல்லை என்பது வேறு, பதிலே 'இல்லை' என்பது வேறு. பல மிஷின்களுக்கு இந்த வித்தியாசத்தை நிற்பவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாது.

மேகம் இறங்கினால் டவர் போய்விடும் என்று மலையில் சொல்வார்கள். பாதி உண்மை. செல்போன் அலைகளை மேகமும் மழையும் பெரிதாகத் தடுப்பதில்லை. குறுக்கே நிற்கும் மலைதான் மறைக்கும். ஆனால் டவருக்கும் டவருக்கும் இடையே ஓடும் மைக்ரோவேவ் இணைப்பை அடைமழை மெலிய வைக்கும். மின்சாரம் போய் டவரின் பேட்டரி தீர்ந்தாலும் கதை முடிந்தது.

விற்பனையாளரையும் நினைக்க வேண்டும். வரிசை அவரைத்தான் திட்டும். இருப்பு குறைந்தால் அபராதமும் அவருக்கே. மிஷின் சொல்வதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பிரிட்டனில் ஹொரைசன் என்ற அஞ்சலகக் கணினி 1999 முதல், உண்மையில் இல்லாத பணக் குறைகளைக் கணக்கில் காட்டியது. கணினி பொய் சொல்லாது என்று நம்பி, கிளை அஞ்சலகம் நடத்தியவர்களில் 900-க்கும் மேற்பட்டோரைத் திருட்டு, மோசடி என்று தண்டித்தார்கள். பிழை மென்பொருளில் என்று நீதிமன்றம் சொன்னது 2019-இல். பலரும் அதற்குள் வீட்டை இழந்திருந்தார்கள், சிலர் உயிரையே.

ஆயாவுக்கு அடுத்து நின்றவருக்கு நெற்றி வைத்தியமும் பலிக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விற்பனையாளர் மிஷினை எடுத்துக்கொண்டு கடைக்கு எதிரே மேட்டில் இருந்த பாறைக்கு ஏறினார். வரிசையும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறியது.