‘ஸ்பெஷல்’ நாடகம்: சொல்லும் பொருளும்

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலும் திருவிழாக் காலங்களில் ஒட்டப்பெறும் நாடக விளம்பரங்களை மாணவ நேயர்கள் கண்டிருப்பீர்கள். மேலே ‘வள்ளி திருமணம்’ என்று நாடகத்தின் பெயர்; கீழே நடிகர்களின் படங்கள்; ஒவ்வொரு பெயருடனும் அவரவர் ஊர். இவ்வகைக் கூத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர்.

‘ஸ்பெஷல்’ என்றால் உயர்தரம் என்றே பலரும் கருதுகின்றனர். உணவு விடுதியில் ‘ஸ்பெஷல் தோசை’ கேட்டுப் பழகிய செவிக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால், இங்கே அதன் பொருள் வேறு.

முற்காலத்து நாடகக் கம்பெனி என்பது ஒரு முதலாளியின் கீழ் இயங்குவது. நடிகர்களுக்குச் சம்பளம் உண்டு, ஒத்திகை உண்டு. ஸ்பெஷல் நாடகத்திலோ கம்பெனியே கிடையாது. விழா நடத்துவோர் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே அமர்த்துகின்றனர், அந்த ஓர் இரவுக்கு மட்டும். மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் என வந்து சேருவர். ஒத்திகையின்றியே மேடையேறுவர். அழைப்பு இல்லாத மாதத்தில் அவர்களுக்கு வருவாயும் இல்லை. ‘தனித்தனியே அமர்த்தப்பெற்ற’ என்பதே இங்கு ‘ஸ்பெஷல்’ என்னும் சொல்லின் பொருள்.

ஒத்திகையின்றி எவ்வாறு நடிக்க இயலும்? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களும் பாடல்களும் இவர்கள் அனைவர்க்கும் பொதுவான பாடம். பாட்டு அவருடையது; இடையிலே வரும் பேச்சு பெரும்பாலும் நடிகருடையது. நாரதரும் வள்ளியும் புரியும் தர்க்கத்தில் அடுத்த வினா எது என்பது எதிரே நிற்பவருக்கே தெரியாது!

‘ஸ்பெஷல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். ‘பார்த்தல்’ என்னும் வினையினின்று ‘தோற்றம்’ என்ற பெயர் பிறந்து, அது ‘வகை’ எனப் பொருள் விரிந்தது. ஆகவே ‘ஸ்பெஷல்’ என்பது தொடக்கத்தில் ‘ஒரு குறிப்பிட்ட வகையைச் சார்ந்தது’ என்றே பொருள்பட்டது. உயர்வு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

‘ராஜபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’ என்னும் பெயர்களும் எண்ணத்தக்கவை. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கு முழு நாடகமும் எழுதித் தரப்படவில்லை. அவரவர் பேசும் வரிகள் மட்டுமே தரப்பட்டன. அந்தப் பகுதிக்கே ‘பார்ட்’ என்று பெயர். தம் பங்கைத் தாமே சுமந்துவரும் நம் நடிகருக்கு அச்சொல் எவ்வளவு இசைவாக அமைந்துவிட்டது!

‘சிறப்பு நாடகம்’ என மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்கலாம். பொது, சிறப்பு என இலக்கணம் பிரிக்கும் பொருளில் கொண்டால் அது பொருந்தும். ஆயினும், தெருவில் நிற்பவர் செவியில் ‘மேன்மையான நாடகம்’ என்றே அது விழும். எனவே, வழக்கில் உள்ள சொல்லே நிற்கட்டும் என்பது என் கருத்து.

‘பபூன்’ ஒருவர் எஞ்சியிருக்கிறார். கன்னத்தை ஊதுதல் என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல்லே பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம் மேடைக்கு வந்தது. இரவில் முதலில் தோன்றுபவர் அவரே. அவர் கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தூக்கத்தைக் கலைத்த பின்னரே ராஜபார்ட் வருவார். கதை முடியப் பொழுது விடிந்துவிடும்.