பொறிக்கு என்ன விலை?

"வண்டி நல்லா ஓடும். சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. இக்னிஷன்ல சின்ன வேலை இருக்கு." பழைய ஸ்டேஷன் வேகனை விற்பவர் இப்படிச் சொல்லிவிட்டு விலையைக் கொஞ்சம் குறைத்தும் வைத்திருப்பார். குறைத்த தொகை அந்தச் சின்ன வேலைக்குப் போதுமா என்பதுதான் வாங்குபவரின் கவலை. உதிரிபாகக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. சிலிண்டருக்குள் ஒரு பொறி எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் கணக்கு ஓரளவு பிடிபடும்.

ஸ்பார்க் பிளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பதோ பிஸ்டன் அமுக்கி நெரித்த காற்று. அங்கே தேவை 10,000 வோல்ட்டைச் சுலபமாகத் தாண்டும். பேட்டரியிடம் இருப்பது 12 வோல்ட்.

இந்தப் பள்ளத்தை நிரப்புவது காயில். ஒரே இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுற்றுகள்: தடித்த கம்பியில் சில நூறு, மயிரிழைக் கம்பியில் அதைப்போல் சுமார் நூறு மடங்கு. தடித்த சுற்றில் மின்னோட்டம் ஏறும்போது பெரிதாக ஒன்றும் நடக்காது, காந்தப்புலம் மட்டும் சேரும். அந்த ஓட்டத்தைச் சட்டென்று துண்டிக்கும் கணத்தில்தான் வேடிக்கை. வேகமாகப் பாயும் தண்ணீரைக் குழாயை மூடிப் பட்டென்று நிறுத்தினால் குழாயே அதிருமே, அதுபோல சரிந்து விழும் காந்தப்புலம் முதல் சுற்றிலேயே 300, 400 வோல்ட்டைக் கிளப்பும். இரண்டாம் சுற்றில் அது நூறு மடங்காகிறது. கொடுத்து வருவதில்லை இந்தப் பொறி, பிடுங்கி வருவது. அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார் 1836-இல் செய்த தூண்டுசுருளின் வாரிசுதான், இன்று பழைய வேகனின் பானட்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கும் காயில்.

மின்னழுத்தம் கிடைத்தால் மட்டும் போதாது, நேரமும் அமைய வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 பொறிகள் விழ வேண்டும். ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 18 பாகை திரும்பிவிடும். பெட்ரோல் கலவை எரிந்து முடிய அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பொறி விழுந்தாக வேண்டும். எவ்வளவு முன்பு என்பது வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக்கில் வந்த பேட்டரி இக்னிஷன் முறையின் வழியில், திறந்து மூடும் உலோகப் பாயின்ட்டுகளே பல பத்தாண்டுகள் பொறி விழும் கணத்தைக் கவனித்துக்கொண்டன. பிறகு சென்சார்களும் கம்ப்யூட்டரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

இந்த மாற்றம் முழுவதையும் தன் ஆயுளுக்குள் பார்த்த வண்டி வோல்வோ 240. 1974-இல் வந்து 1993 வரை தயாரான இந்த ஸ்வீடன் வரிசையில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. கோடும் மூலையுமாக வரைந்த பெட்டி போன்ற அதன் வேகன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கிறது. 1980-களின் இறுதியில் வந்த 240-களில், எஞ்சினின் பின்புறம் சுழலும் ஃப்ளைவீலைப் பார்த்தபடி ஒரு சென்சார் இருக்கும். ஒரு காந்தமும் மெல்லிய கம்பிச் சுற்றும், அவ்வளவுதான். கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுவே.

எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்தால் இதன் கம்பியிலோ ஒயரிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று செத்துப்போகும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். காலையில் குளிர்ந்த வண்டியைச் சாவி திருப்பிக் காட்டும் விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் வண்டி உண்மையிலேயே நலமாகத்தான் இருக்கிறது.

சென்சார் பேசாவிட்டால் எஞ்சின் சுழலவே இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, பொறியோடு பெட்ரோலையும் நிறுத்திவிடும். செல்ஃப் சுற்றுகிறது, பிளக்கில் பொறியும் இல்லை, பெட்ரோலும் வரவில்லை என்றால் சந்தேகம் முதலில் இங்கே போக வேண்டும். பொருள் பெரிய விலையில்லை. எஞ்சினுக்கும் கேபின் சுவருக்கும் இடையே கையை நுழைத்துக் கழற்றும் பாடுதான் கூலி.

அதே வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பானட்டைத் திறந்தால் ஒரு சிறு கறுப்புப் பெட்டி. அதன் ஒயரை உரிய துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். சிமிட்டல்களை எண்ணினால் மூன்று இலக்கக் குறியீடு கிடைக்கும். 1-1-1 வந்தால் பழுது எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். கருவி எதுவும் இல்லாமல், வாங்க வந்தவரே விற்பவரின் கண் முன்னால் வண்டியை விசாரிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் பல பழைய வண்டிகளில் இந்த நினைவு அழிந்துவிடும். ஆகவே சோதனை ஓட்டம் முடிந்த பிறகும் ஒரு முறை கேட்பது நல்லது.

1980 முதல் 1987 வரையிலான 240 என்றால் கவலை வேறு. அந்த ஆண்டுகளில் எஞ்சின் ஒயரிங்கின் மேலுறை காலப்போக்கில் பொடிந்து உதிர்ந்தது. முன் உரிமையாளர் ஒயரிங்கை முழுதாக மாற்றியிருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். மாற்றவில்லை என்றால், "இக்னிஷன் வேலை" என்று விற்பவர் சொல்வது ஒயர் ஒயராகத் தேடும் வேலையாக இருக்கக்கூடும். அதற்குக் கூலி சொல்ல நேர்மையான மெக்கானிக்கே தயங்குவார்.

இன்னொரு ஸ்வீடன் வேகன், 1990-களின் இறுதியில் வந்த சாப் 9-5, இதற்கு நேர் எதிர். அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினின் தலைமேல் ஒரு நீளமான கேசட் உட்கார்ந்திருக்கும். நான்கு பிளக்குகளுக்கும் நான்கு காயில்கள், அவற்றை இயக்கும் மின்னணுச் சுற்று, எல்லாம் ஒரே உறைக்குள். 12 வோல்ட்டை முதலில் 400 ஆக்கி மின்தேக்கியில் சேர்த்து, அதைக் காயிலுக்குள் கொட்டி 40,000 வோல்ட் வரை எழுப்புகிறது.

இதைவிட வியப்பு, பொறி விழுந்த பிறகு நடப்பது. எரியும் வாயு அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும். கேசட் அதே பிளக் முனைகளுக்கு இடையே சிறு மின்னழுத்தம் வைத்து, கசியும் மின்னோட்டத்தை அளக்கிறது. எந்தச் சிலிண்டரில் கலவை எரிந்தது, எதில் எரியாமல் தவறியது (மிஸ்ஸிங்), எங்கே தானாக வெடித்துத் தட்டியது (நாக்கிங்) என்பதெல்லாம் அந்தச் சின்னக் கசிவிலிருந்தே தெரிந்துவிடும். தீ வைத்த பிளக்கே தீயைச் சாட்சியாகப் பார்த்துச் சொல்கிறது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு காயில் போனாலும் கேசட் முழுவதையும் மாற்ற வேண்டும்; ஒரு பிளக்கின் விலையோடு அதை ஒப்பிட்டால் தலை சுற்றும். ஆனால் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், வேறொன்றை வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் பழுது எது என்று தெரிந்துவிடும். சாப் பிரியர்கள் பலர் டிக்கியில் ஒரு கேசட்டை உபரியாக வைத்துக்கொண்டே ஊர் சுற்றுகிறார்கள். வாங்கும் வண்டியோடு அப்படி ஒன்று வந்தால் அதையும் விலையில் சேர்த்துப் பேசலாம்.

சாவிப் பூட்டு தனிக் கதை. பூட்டின் உருளையும் அதன் பின்னாலிருக்கும் மின் சுவிட்சும் வேறு வேறு பொருட்கள், செலவும் வேறு. பல பழைய வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் உருளை வெளியே வரும். இப்போது இறுகித் திரும்பும் சாவி ஒருநாள் அடியோடு நின்றுவிட்டால், உடைத்து எடுக்கும் கூலியும் சேரும். சாப்காரர்கள் சாவித் துவாரத்தை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே வைத்தார்கள். அங்கே சிந்தும் காபிக்கு அது நேரே வழிவிட்டது.

வேகன் வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. இது ஆளும் மூட்டையும் ஏற்றுவதற்கான வண்டி. பாரத்தோடு மேடேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறோம், சிலிண்டருக்குள் காற்று கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. இடைவெளி மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் பொறிக்குத் தேவையான வோல்ட்டும் ஏறும். ஃப்ரெடரிக் பாஷன் 1889-இல் வகுத்த விதி இது. சமதளத்தில் அடக்கமாக ஓடும் நைந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் மேட்டில்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் சோதனை ஓட்டத்துக்கு நண்பர்கள் மூவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டைத் தேடிப் போவது வீண் வேலையில்லை.

மேட்டில் வண்டி குலுங்கினால் கணக்கு இக்னிஷனோடு நிற்காது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் பூசிய உட்பகுதி உருகவும் கூடும். ஆக்ஸிஜன் சென்சாரோடு சேர்ந்த மும்முனைக் கன்வெர்ட்டரை 1976-இல் கலிஃபோர்னியாவுக்கு முதலில் கொண்டுவந்ததும் இதே 240 வரிசைதான். பிளக் செட்டுக்கான காசை மிச்சம் பிடித்து மாதக்கணக்கில் மிஸ்ஸிங்கோடு ஓட்டிய வண்டியில், ஆகப் பெரிய பில் இந்தக் கன்வெர்ட்டருடையதாக இருக்கும்.

பழைய ரசீதுகளையும் வாங்கிப் பாருங்கள். பிளக், ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று வரிசையாக மாற்றியும் பழுது தொடர்கிறது என்றால், அது நல்ல பராமரிப்புக்கு அடையாளமில்லை. நோய் தெரியாமல் மருந்து மாற்றியிருக்கிறார்கள். அடுத்த ஊகத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும். எனக்கு விருப்பம், பழுது கண் முன்னால் வெளிப்படும் வண்டிதான். வந்து வந்து போகும் பழுதுள்ள வண்டிக்கு அதைவிடக் குறைவாகத்தான் தருவேன். மேட்டிலிருந்து இறங்கியதும் எஞ்சினை அணைத்து, சூடு ஆறுவதற்குள் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பேரம் அதற்கப்புறம்.