மெய்ப்பில் தப்பும் எழுத்து

பலமுறை படித்துத் திருத்தி அச்சுக்கு அனுப்பிய நாவல் புத்தகமாகக் கைக்கு வந்ததும், பிரித்த பக்கத்திலேயே ஒரு பிழை பளிச்சென்று தெரியும். எழுத்தாளர் தன்னையே நொந்துகொள்வார். நோக வேண்டியதில்லை, வாசிக்கும் கண்ணின் அமைப்பே அப்படி.

வரியின்மேல் கண் சீராக ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும். பிறகு அடுத்த தாவல். நிற்கும்போதும், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அகலம்தான் துல்லியமாகத் தெரியும். கண் பார்க்கும் இடத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளை மட்டும் திரையில் விட்டு, மற்றவற்றை மாற்றிவைக்கும் சோதனையை மெக்கான்கி, ரேனர் என்ற உளவியலாளர்கள் 1975இல் வெளியிட்டார்கள். அவ்வழியில் தொடர்ந்த ஆய்வுகளின்படி, ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு நிறுத்தத்தில் இடப்பக்கம் 3, 4 எழுத்துகளும் வலப்பக்கம் சுமார் 15 எழுத்துகளுமே பயன்படுகின்றன. சிறு சொற்கள் பலவற்றைக் கண் தாண்டியே போய்விடுகிறது. அங்கெல்லாம் மூளையின் ஊகம் கைகொடுக்கிறது.

எழுதியவருக்கோ அடுத்து வருவது முன்பே தெரியும். காகிதத்தில் இருப்பதை விட்டு மனத்தில் இருப்பதைப் படித்துவிடுகிறார். 1993இல் டேன்மன், ஸ்டெயின்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் பிறர் கட்டுரையைவிடத் தாம் அப்போதுதான் எழுதிய கட்டுரையில் பிழை காணத் திணறினார்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் ஒற்றில் வந்து நிற்கிறது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைக் கொம்பில் செய்தது. நடுவே ஒரு மெல்லிய 'ப்'. கண் அதைத் தவறவிடும். வாய்விட்டுப் படித்தால் நாக்கு அழுத்திக் காட்டிவிடும். மெய்ப்பை உரக்கப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆகவே கைப்பிரதிக்கு அந்நியக் கண் வேண்டும். ஆனால் எவ்வளவு அந்நியம்? ஊகம் அவரவர் கேட்டு வளர்ந்த பேச்சிலிருந்து வருவது. மலேசியாவின் கிள்ளான் தோட்டப்புறக் கதை ஒன்றில் காலை ஆளெடுப்பைப் 'பெரட்டு' என்றும், ரப்பர் பால் சேரும் கிண்ணத்தை 'மங்கு' என்றும், ரப்பரைக் 'கித்தா' என்றும் எழுதியிருப்பார்கள். சென்னையில் வளர்ந்த கண் அவற்றைப் பிழையென்று திருத்தக்கூடும். அது பெரிய இழப்பு; ஒற்றுப் பிழையைவிட மோசமானது.

கோலாலம்பூரில் கைப்பிரதிக்கு வேண்டிய அந்நியக் கண்ணை நெடுங்காலம் நாளிதழ்கள் கொடுத்தன. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 1950இல் 'கதை வகுப்பு' நடத்தியது; அதில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதியவர்களுக்குக் கதையெழுதப் பயிற்சி தந்தார்கள். 2019இல் அந்த நாளிதழ் நின்றது. இன்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நாவல் எழுதி முடிப்பவர், தனியே இயங்கும் செம்மையாக்குநரைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். இலக்கிய முகவர் என்ற வழக்கம் தமிழில் வேரூன்றாததால், நல்ல பதிப்பாளரிடம் பிரதியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பும் சிலசமயம் அந்தச் செம்மையாக்குநர் தலையில்தான் விழுகிறது. அச்சுக்கூலியைக் கணக்குப் பார்க்கும் எழுத்தாளர்கள் இந்த உழைப்புக்கும் ஊதியம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முடிந்தால் இருவரிடம் கொடுங்கள்: தோட்டத்துப் பேச்சை அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர். இருவரும் ஒரே வரியில் தடுக்கினால், அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.