வாளித் தண்ணீரும் வாங்கிய கடனும்



போன கோடையில் ஆவூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு உறுப்பினர் இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. "ஏம்மா, என்னாச்சு?" என்று கேட்டேன். "மெஷின் மோட்டார் எரிஞ்சு போச்சு மேடம். இருபது நாளா வேலை இல்ல. ஆர்டர் குடுத்தவங்களும் வேற எடத்துக்குப் போயிட்டாங்க" என்று கண் கலங்கினார்.

அவர் வீட்டில் இருப்பது கதவு, பூஜை அறைப் பலகையில் பூ வேலை செய்யும் கார்விங் மெஷின். கடன் அவர் பெயரில். வேலையைப் பார்ப்பது கணவரும் மகனும். "வாளியில தண்ணி சுத்துறதப் பாத்திருக்கேன். எதுக்குன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல" என்றார்.

நம் பகுதியில் மாத்தூர், விராலிமலை பக்கம் பட்டறை வேலை பழகியவர்கள் அதிகம். அதனால் இந்த மெஷின் இன்னும் சில வீடுகளுக்கு வரலாம். ஆகவே அந்த வாளித் தண்ணீரைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

தண்ணீர் எதற்கு?

கார்விங் மெஷினில் பிட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். பலவும் நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை ஓடும். நம் வீட்டு மிக்சியை ஐந்து நிமிடம் விடாமல் ஓட்டினாலே அடிப்பாகம் சூடாகிறது அல்லவா? இது நான்கைந்து மணி நேரம் ஓடுகிறது. வாளிக்குள் இருக்கும் சின்ன பம்ப், டியூப் வழியாகத் தண்ணீரை ஸ்பிண்டில் உடம்புக்குள் அனுப்புகிறது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வாளிக்கே திரும்புகிறது. இந்த ஓட்டம் நின்றால் பேரிங்கில் உள்ள கிரீஸ் உருகும். பிறகு காயில் எரியும்.

அந்த வீட்டில் நடந்ததும் இதுதான். போர் தண்ணீரின் உப்பு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. மரத்தூளும் பாசியும் சேர்ந்து அடைத்துவிட்டன.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

உப்புத் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் இன்னும் நல்லது. துருவும் பாசியும் பிடிக்காது. ஆனால் பல கூலன்ட்கள் இனிப்பாக இருக்கும், கடுமையான விஷம். குழந்தைகள், ஆடு, கோழி, நாய் நெருங்காமல் மூடி வையுங்கள். மாற்றும்போது கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வேறு வேறு கூலன்டைக் கலக்கவும் கூடாது.

இரண்டுக்கும் வழியில்லை என்றால் மழைநீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றலாம். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்று கட்டிய தொட்டி இருந்தால் இதற்கும் உதவும். கூரையின் முதல் மழைத் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள்.

தினமும் பார்க்க வேண்டியவை

1. முதலில் பம்ப் சுவிட்ச். திரும்பி வரும் டியூபில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பிண்டில்.

2. நிறுத்தும்போது முதலில் ஸ்பிண்டில். ஐந்து நிமிடம் கழித்து பம்ப்.

3. கரண்ட் போய் வந்தால் பம்ப் ஓடுகிறதா என்று மறுபடியும் பாருங்கள்.

4. வேலை நடுவில் ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் வேலையை நிறுத்துங்கள்.

5. பம்ப் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ஊற்றுங்கள்.

6. வாளிக்குள் கை விடும் முன் பம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை

டியூப் மடங்கியிருக்கிறதா, வெயிலில் இறுகி வெடித்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சொட்டும் தண்ணீர் ஒயரில் விழுந்தால் ஆபத்து. பம்பின் சல்லடையில் சிக்கிய தூளை பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், ஆகவே மூடியுள்ள அடர்நிற டிரம் நல்லது. தண்ணீர் கலங்கினால் முழுவதும் மாற்றுங்கள்.

கோடைக்கு

சித்திரை வெயிலில் 20 லிட்டர் வாளி சீக்கிரம் சூடாகும். 50 லிட்டர் டிரம்மாக நிழலில் வையுங்கள். வெளியே ஈரச் சாக்கைச் சுற்றினால் பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி சூடு குறையும். ஐஸ் மட்டும் போடாதீர்கள். குளிர்ந்த மோர் டம்ளரின் வெளியே நீர் பூப்பதுபோல ஸ்பிண்டிலுக்குள் ஈரம் கோத்துக் கெடுத்துவிடும்.

தண்ணீர் ஓட்டம் நின்றால் ஸ்பிண்டிலைத் தானாக நிறுத்தும் ஃப்ளோ சுவிட்ச் கிடைக்கிறது. மெஷின் வாங்கும்போதே கேட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று

பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது உடனே கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். மெஷின் நின்றால் நட்டம் கையெழுத்துப் போட்ட நமக்குத்தான். குழுக் கடன் என்றால் மற்ற உறுப்பினர்களுக்கும்தான்.

"அது ஆம்பளைங்க வேலை" என்று ஒதுங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கக் காலத்தில், நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்றும் இப்படித்தான் சொன்னார்கள்.

அந்த உறுப்பினர் வீட்டில் மோட்டார் மாற்றியாகிவிட்டது. தவணையும் மெல்ல மெல்லக் கட்டி வருகிறார். இப்போது காலையில் பம்ப் சுவிட்சைப் போடுவது அவர்தான். "தண்ணி விழுறத நான் பாத்துச் சொன்னாத்தான் மெஷின் ஓடும் மேடம்" என்றார், சிரித்துக்கொண்டே.

ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். மெஷின் உள்ள உறுப்பினர் வீட்டுக்கு எல்லோரும் ஒரு முறை போய், வாளியைத் திறந்து பாருங்கள்.