மலை நகரில் ஒரு சிங்கி இறால்

கடலைக் கண்ணாலும் காணாத ஊரில் போய்க் கடல் பண்டத்தைத் தேடுவானேன் என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றே. தேடியவர் நாம் அல்ல, நமது நண்பர். அவர் அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாகாணத்தில் பிறந்தவர். உத்தியோக நிமித்தமாகக் கொலராடோ மாகாணத்து டென்வர் நகரில் வாசம் செய்கிறார். கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி உயரத்தில் இருக்கும் அந்த நகரத்துக்கும் மெய்ன் கரைக்கும் இடையே சாலை வழியாக ஏறக்குறைய 2,000 மைல் தூரம். கும்பகோணத்துக்காரருக்கு டில்லியில் நல்ல காப்பி அகப்படாவிட்டால் எவ்வளவு மனத்தாங்கல் உண்டாகுமோ, அவ்வளவும் நண்பருக்கு ‘லாப்ஸ்டர் ரோல்’ விஷயத்தில் உண்டு. அது நாக்கின் விஷயம் மட்டும் அல்ல. பிறந்த மண்ணின் அபிமானமும் அதில் கலந்திருக்கிறது. மரக்கறி உண்ணும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

இந்தப் பண்டத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நீண்ட ரொட்டி ஒன்றை மேற்புறத்தில் கீறி, இரு பக்கமும் வெண்ணெய் தடவி, நமது தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில் பொன்னிறமாக வாட்டி, வேகவைத்த சிங்கி இறாலின் சதையை உள்ளே நிரப்புகிறார்கள். மெய்ன்காரர்கள் சதையைக் குளிரவைத்து, முட்டையும் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த மயோனைஸைச் சிறிது பிசைவார்கள். தெற்கே கனெக்டிகட்காரர்களோ உருக்கிய வெண்ணெயில் தோய்த்துச் சுடச்சுட வைப்பார்கள். அங்கே மில்ஃபோர்ட் என்னும் ஊரில் 1920-களில் இந்தப் பண்டம் தோன்றியதாகச் சொல்வது வழக்கம். எது உத்தமம் என்று இரு கட்சியாரும் இடும் வழக்கு, நமது வடகலை தென்கலை வழக்குக்குச் சற்றும் இளைத்ததல்ல.

நமது கன்னியாகுமரிக் கடலிலும் சிங்கி இறால் உண்டு. ஆனால் அதற்கு முள்ளும் நீண்ட மீசையுமே ஆயுதங்கள். மெய்ன் சிங்கிக்கு நண்டைப் போல இரண்டு பெரிய கொடுக்குகள் இருக்கின்றன. ரோலுக்கு உயிர்நாடி அந்தக் கொடுக்கின் சதைதான். நமது சிங்கியில் நல்ல சரக்கு ஆகாய விமானம் ஏறிக் கீழ்த்திசை நாடுகளுக்குப் போய்விடுகிறது. மதுரைவாசி அதன் ருசியை அறியார். அந்த வயிற்றெரிச்சல் தனிக் கட்டுரைக்குரியது.

அமெரிக்கக் கரையில் ஒரு காலத்தில் சிங்கி ஏழைகளின் உணவாக இருந்தது. வயலுக்கு எருவாகவும் போட்டார்கள். வாரத்துக்கு இத்தனை நாளைக்கு மேல் சிங்கி போடக் கூடாது என்று வேலைக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கியதாக ஒரு கதையும் உண்டு. கதை நன்றாயிருக்கிறது, அப்படிப்பட்ட பத்திரத்தைத்தான் ஒருவரும் காட்டக் காணோம். 1840-களில் மெய்ன் கரையில் டின்னில் அடைக்கும் தொழில் ஏற்பட்டது. பிறகு ரயிலும் வந்தது. கடல் அறியாத உள்நாட்டு ஜனங்களிடம் அது ஏழையின் பண்டம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் மெச்சி உண்டார்கள். கரையில் மலிவாய்க் கிடந்த பண்டம் தூர தேசம் போய்த்தான் கௌரவம் சம்பாதித்தது.

தூரமே அதற்குச் சத்துருவும் ஆகும். சிங்கி இறந்தவுடனே அதன் ஜீரண ரசங்கள் சதையைக் கரைக்கத் தொடங்கும், கிருமிகளும் பெருகும். ஆகையால் உயிருடன் கொதிநீரில் இட வேண்டும். குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் தண்ணீருக்கு வெளியே ஒரு நாளுக்கு மேல் உயிர் தரித்திருக்கும். நல்ல தண்ணீரில் போட்டாலோ மாண்டுபோகும். கோடையில் பழைய ஓட்டைக் கழற்றிய மெல்லோட்டுச் சிங்கியின் சதை அதிக இனிப்பு என்று கரையோரத்தார் பலர் கூறுவர். அது நெடும் பிரயாணம் தாங்காது. டென்வருக்கு உயிரோடு வந்து சேர்வதெல்லாம் கெட்டியோட்டுச் சிங்கியே.

முதலில் போன கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் சிங்கிகள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன. நண்பர் பரமானந்தம் அடைந்தார். இலையில் வந்ததோ நார் நாராக, ருசியற்று இருந்தது. பல நாள் இரையின்றித் தொட்டியில் கிடக்கும் சிங்கி ஓட்டுக்குள்ளேயே சுருங்கிப்போகிறது. போதாக்குறைக்கு அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு ஈடுசெய்ய எண்ணிச் சமையல்காரர் வேண்டியதற்கு மேல் வேகவிட்டாரோ என்னவோ! இரண்டாவது கடையில் விலை மலிவு. பலகையில் ‘லாப்ஸ்டர்’ என்றே எழுதியிருந்தது. உள்ளே இருந்தது லாங்கஸ்டினோ. துறவி நண்டுக்கு நெருங்கிய உறவான சிறு பிராணி அது. நண்பர் ஒரு கவளத்தோடு கையைக் கழுவினார்.

மூன்றாவது, சாலையோரத்தில் நிற்கும் ஒரு சிறு வண்டிக் கடை. “உயிருள்ள சரக்கா?” என்று நண்பர் கேட்டதற்கு, “இல்லை ஐயா, உறைந்த சரக்கு” என்று கடைக்காரர் கூசாமல் சொன்னார். கரையில் படகு வந்த சூட்டோடு சிங்கியை ஒரு யந்திரத்தில் இட்டு, கடலின் மிக ஆழமான பள்ளத்தில் உள்ளதைவிட இரு மடங்குக்கு மேற்பட்ட நீரழுத்தத்தால் கொன்றுவிடுகிறார்களாம். அந்த அழுத்தத்தில் சதை ஓட்டை விட்டுத் தானே கழன்றுவிடும்; உடனே உறையவைத்து அனுப்புகிறார்கள். நண்பர் முகம் வாடியது. ஆனால் முதல் வாயிலேயே மலர்ந்தது. சதை திரளாக, இனிப்பாக, லேசான உப்புடன் இருந்தது. தொட்டியில் பட்டினி கிடந்த உயிரைவிடக் கரையில் பக்குவமாய் முடிந்த உயிரே மேல் என்பதை நாம் அன்று கண்டோம்.

விலைதான் இருபது டாலருக்கு மேல். ஒரு பவுண்டு எடையுள்ள சிங்கியில் சதை கால் பவுண்டுக்கு மேல் தேறாது. ஆகையால் ரோல் ஒன்றுக்குச் சிங்கி ஒன்று. கடல் சூடேறி, மெல்லோட்டுச் சிங்கி பருவத்துக்கு முன்பே வந்து குவிந்த 2012-ஆம் ஆண்டில் மெய்ன் படகுக்காரருக்குப் பவுண்டுக்கு மூன்று டாலர்கூடக் கிட்டவில்லை. 2021-இல் ஆறு டாலருக்கு மேல் கிடைத்தது. 2016-இல் பதின்மூன்று கோடிப் பவுண்டைத் தாண்டிய பிடிப்பு 2023-இல் பத்துக் கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. இவ்வளவுக்கும் மெய்ன் மீனவர்கள் கட்டுப்பாடு தவறாதவர்கள். முதுகோடு மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும், ஐந்து அங்குலத்துக்கு மிஞ்சினாலும் கடலுக்கே திருப்பிவிடுவார்கள். முட்டையோடு அகப்பட்ட பெண் சிங்கியின் வாலில் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் ஒரு வெட்டு வெட்டி விடுவிப்பார்கள். பிறகு முட்டை இல்லாமல் அகப்பட்டாலும் அந்தக் குறி உள்ளதை எவரும் எடுக்கலாகாது. நமது சர்க்காரும் 2003-இல் சிங்கி ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்திருக்கிறார்கள். ஆனால் துறைமுகத்தில் எடை போடும்போது சிங்கி கடலைவிட்டு வெகு தூரம் வந்துவிடுகிறது. மெய்னில் அளவுகோல் படகிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் நண்பர் இரண்டாவது ரோலைத் தின்றுகொண்டே விளக்கினார். பணம் நாம் கொடுத்தோம்.