யாருடைய நாளுக்கு விடுமுறை?

ஜனவரி நடுவில் மொன்றியலில் சூரியன் உதிக்கக் காலை ஏழரை ஆகிவிடும். யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ அந்த நேரத்துக்குள் பொங்கல் பொங்கி, படையல் முடிந்து, பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே சென் லோரான் பகுதியின் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், விடியும்போது இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். மற்றவற்றுக்கெல்லாம் இந்த நகரத்தில் வழி உண்டு. பச்சரிசி, பயறு, சர்க்கரை, கரும்புத் துண்டு எல்லாம் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். வெளியே பனி, முற்றத்தில் அடுப்பு மூட்ட முடியாது. அதனால் பானை மின்னடுப்பில் ஏறுகிறது. பால் பொங்கி வழியும்போது புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் இருக்கச் சன்னலைச் சற்றுத் திறந்துவைத்தால் போதும். கிடைக்காதது அந்த ஒரு மணி நேரம்தான். உதயசூரியனுக்குப் படைக்கிற பண்டிகையில், சூரியன் உதிக்கிற நேரம் சம்பளத்துக்குக் கொடுத்த நேரமாகிவிடுகிறது.

பல இனத்தார் வாழும் நகரத்தின் பண்டிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடையையும் பலகாரத்தையும் ஊர்வலத்தையும் எழுதுவார்கள். மொன்றியலில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஐரிஷ்காரர்கள் 1824 முதல் மார்ச் மாதத்தில் புனித பேட்ரிக் ஊர்வலம் நடத்துகிறார்கள். அதே மாதத்தில் கிரேக்கர்கள் தங்கள் சுதந்திர நாளுக்குக் கொடி பிடித்து வருவார்கள். பூரிம் பண்டிகையன்று ஊத்ரமோன் தெருக்களில் ஹசிடிக் யூதக் குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போவார்கள். இலையுதிர்காலத்தில் தாவரவியல் பூங்காவின் சீனத் தோட்டத்தில் விளக்குகள் மிதக்கும். கோடையில் தமிழர் கோயில்களில் தேர். பார்க்க அழகானவைதான். ஆனாலும் ஒரு நகரம் எத்தனை ஊர்வலங்களுக்குச் சாலையைத் திறந்துவிடுகிறது என்பதை வைத்து அதன் நியாயத்தை அளந்துவிட முடியாது. தன் பெருநாளில் கூலியை இழக்காமல் வேலைக்கு வராமலிருக்க யாரால் முடிகிறது, யாரால் முடியவில்லை என்று பார்த்தால்தான் கணக்குத் தெரியும். பண்டிகையின் முதல் தேவை நேரம். அந்த நேரத்தைப் பங்கிடுவது நாட்காட்டி.

கியூபெக்கின் தொழிலாளர் சட்டம் சம்பளத்தோடு எட்டு விடுமுறைகளைத் தருகிறது: புத்தாண்டு, பெரிய வெள்ளி அல்லது ஈஸ்டர் திங்கள், மே 25-க்கு முந்தைய திங்கள், ஜூன் 24, ஜூலை 1, செப்டம்பரில் தொழிலாளர் தினம், அக்டோபரில் நன்றி நாள், கிறிஸ்துமஸ். பார்த்தால் யாருக்கும் உறுத்தாத பட்டியல். உள்ளே போனால் ஒவ்வொரு நாளிலும் ஒரு போராட்டமோ பேரமோ இருக்கிறது. மே மாதத் திங்கள் கனடாவின் மற்ற மாகாணங்களில் விக்டோரியா ராணியின் பிறந்தநாள். ஆங்கில அரசியின் பிறந்தநாளைக் கொண்டாட மனமில்லாத பிரெஞ்சுக் கனடியர்கள் அதே திங்களை டோலார் நாளாக்கிக்கொண்டார்கள். 1660-இல் லோங் சூ சண்டையில் இறந்த டோலார் தே ஓர்மோ என்ற இளைஞனின் நினைவு அது. 2003 முதல் அது 1837-38 கிளர்ச்சிக்காரர்களை நினைவுகூரும் தேசப்பற்றாளர் நாள். (அந்த டோலாரின் பெயரைத் தாங்கிய புறநகரில்தான் இன்று மொன்றியல் திருமுருகன் கோயில் நிற்கிறது.) ஜூன் 24 திருமுழுக்கு யோவானின் திருநாள்; 1834-இல் லுட்ஜே டுவெர்னே என்ற பத்திரிகைக்காரர் அன்றைக்கு வைத்த ஒரு விருந்தில் அது தேசியத் திருநாளாக உருமாறத் தொடங்கியது. 1925-இல் சட்டபூர்வ விடுமுறை, 1977-இல் கியூபெக்கின் தேசிய நாள். 1968-இல் அந்த ஊர்வலத்தைப் பார்வையிடக் கனடியப் பிரதமர் பியேர் ட்ரூடோ மேடையில் அமர்ந்திருந்தபோது கண்ணாடிப் புட்டிகள் பறந்து வந்தன. ஒரு சமூகம் தன் நாளைத் தன் பெயரில் கொண்டாட எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பது இந்த மாகாணத்துக்குத் தெரியாத விஷயமல்ல. அதனால்தான் இங்கே சிறுபான்மையினர் கேட்பதைப் புரியாத கோரிக்கையாகத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

அந்தக் கோரிக்கையை மிகத் தெளிவாக எழுப்பியது மொன்றியலுக்குத் தென்கரையிலுள்ள ஷாம்ப்ளி பள்ளி வாரியத்தின் வழக்கு. 1985-இல் யோம் கிப்பூர், அதாவது யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாள், பள்ளி வேலைநாளில் வந்தது. மூன்று யூத ஆசிரியர்கள் விடுப்புக் கேட்டார்கள். வாரியம் மறுக்கவில்லை, விடுப்பைக் கொடுத்தது, அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. சிறிய விஷயம்தானே என்று தோன்றும். தொழிற்சங்கம் அப்படி நினைக்கவில்லை. வழக்கு ஒன்பது ஆண்டு இழுத்து, 1994-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஆசிரியர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளி நாட்காட்டியை யாரும் யூதர்களுக்கு எதிராக எழுதவில்லை. கிறிஸ்தவ ஆசிரியர்களின் முக்கிய நாட்கள் அதில் ஏற்கெனவே விடுமுறையாக இருந்தன, அவ்வளவுதான். அதன் விளைவாக ஒரு பகுதியினர் நோன்பிருக்க ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது, மற்றவர்களுக்கு அந்தச் செலவு இல்லை. நோக்கம் நல்லதாக இருந்தும் விளைவு பாகுபாடாக இருக்கலாம். அளவுக்கு மீறிய சுமை வராதவரை வேலை தருபவர் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் என்றது நீதிமன்றம்.

நாட்காட்டி இயற்கையாக வந்த ஒன்று என்ற எண்ணம் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு எளிதில் ஏற்படாது. 1966-இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு வார விடுமுறையை நீக்கிவிட்டு, நிலவின் நான்கு நிலைகளைப் பின்பற்றும் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. பௌத்தர்களுக்கு அது காலனியாதிக்கம் பறித்த நாளைத் திரும்பப் பெற்றதாக இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாயிற்று. திருப்பலிக்குப் போவதா அலுவலகத்துக்குப் போவதா என்ற கேள்வி வாரந்தோறும் எழுந்தது. சில வாரங்களுக்கு ஏழு நாள், சில வாரங்களுக்கு எட்டு நாள் என்று ஆனதில், ஞாயிறு மூடும் உலகத்தோடு வங்கியும் துறைமுகமும் ஒத்துப்போகத் திணறின. 1971-இல் சிறிமாவோ அரசு சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நின்றது. பெரும்பான்மையின் வாரத்தை அப்படியே எடுத்து எல்லோர் தலையிலும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐந்தாண்டு நீண்ட சாட்சி அது. பொங்கலும் தீபாவளியும் சிவராத்திரியும் பொது விடுமுறையாக இருந்த நாட்டிலிருந்து அவை எதுவும் இல்லாத நாட்டுக்கு வந்தவர்கள் அந்த வித்தியாசத்தை உடம்பில் உணர்கிறார்கள்.

இதற்கு நம்மவர்களிடமிருந்தே ஒரு மறுப்பு வரும். நாங்கள்தான் ஏற்கெனவே சமாளித்துவிட்டோமே, பொங்கல் விழாவைச் சனிக்கிழமை மண்டபத்தில் வைக்கிறோம், தேரை வார இறுதியில் இழுக்கிறோம், யாரிடமும் எதையும் கேட்கவில்லையே என்பார்கள். இதில் பாதி உண்மை. நல்லூரில் ஆவணி அமாவாசையோடு முடியும்படி இருபத்தைந்து நாள் திருவிழா நடக்கும். தேர் எந்தக் கிழமையில் வந்தாலும் ஊரே அங்கே இருக்கும். மொன்றியலில் திங்கட்கிழமை தேர் வைத்தால் வடம் பிடிக்க ஆளிருக்காது. கூட்டம் கூடினால்தான் தேர். ஆகவே நாளை நகர்த்துவது தேருக்குச் செய்யும் துரோகமல்ல, அதைக் காப்பாற்றும் வழி. ஊர்கூடிச் செய்கிற எந்தக் கொண்டாட்டத்துக்கும் இது பொருந்தும். ஆனால் கந்தசஷ்டி நோன்பை வார இறுதிக்கு ஒத்திவைக்க முடியாது. சிவராத்திரிக்குக் கண்விழித்தவர் மறுநாள் காலை ஷிஃப்டுக்கு ஓடுவதைத் தவிர்க்க முடிவதில்லை. பெற்றோரின் திதி சனிக்கிழமையை எதிர்பார்த்து வருவதில்லை. முஸ்லிம்களுக்கு இன்னும் கடினம்: பிறை தெரிந்த பிறகுதான் நாளைக்குப் பெருநாளா நாளை மறுநாளா என்பதே உறுதியாகும், மேலாளரிடம் இரண்டு வாரம் முன்னால் தேதி எழுதிக் கொடுக்கச் சொன்னால் அவர்கள் எதை எழுதுவார்கள்?

எது நகரும், எது நகராது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் முக்கியம். இதற்கும் மொன்றியலிலேயே பிறந்த ஒரு வழக்கு வெளிச்சம் தருகிறது. மோன் ரோயால் மலையின் பெயர்கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில யூதக் குடும்பங்கள், கூடாரப் பெருவிழாவுக்காகத் தங்கள் மாடி முகப்பில் குடில் கட்டின. கிளைகளும் தட்டியும் வேய்ந்த கூரை. ஊடே வானம் தெரிய வேண்டும். முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததை நினைத்து ஏழெட்டு நாள் அதற்குள்ளே அமர்ந்து சாப்பிடுவார்கள். மாடி முகப்பில் எதையும் கட்டக்கூடாது என்பது குடியிருப்பின் விதி. நிர்வாகம் ஒரு சமரசம் சொன்னது: தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குடில் போட்டுக்கொள்ளலாம். குடும்பங்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு மாடியேறி இறங்க வேண்டும் என்பது ஒரு சிரமம். அதைவிட, தன் வீட்டில் தன் குடில் என்பதே அவர்களுக்கு விழா. தனித்தனிக் குடில் கட்டாயமா என்று இரண்டு ரபிக்கள் இரண்டு விதமாகச் சாட்சி சொன்னார்கள். கியூபெக்கின் இரு நீதிமன்றங்களிலும் குடும்பங்கள் தோற்றன. 2004-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்த ரபி சொல்வது சாஸ்திரம் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல; நம்புகிறவரின் நம்பிக்கை உண்மையானதா என்று பார்த்தால் போதும் என்றது. நான்கு நீதிபதிகள் மாறுபட்டதை மறைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற வாதமும் வலுவானதே. எனினும் அந்தத் தோட்டத்துக் குடிலை நினைக்கும்போது, ஆண்டுக்கொரு நாள் எல்லாச் சமூகத்தாரையும் ஒரே மேடையில் ஏற்றி நடனமாட வைக்கும் விழாக்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் அவரவர் வீட்டுப் பண்டிகைக்கு அவை ஈடாகா.

இரண்டாவது மறுப்பு மதச்சார்பின்மை. 2019-இன் 21-ஆம் சட்டத்தில் கியூபெக் தன்னை மதச்சார்பற்ற அரசு என்று அறிவித்துக்கொண்டது. மதத்துக்காக விடுமுறை கேட்பது அதற்கு முரண் அல்லவா என்பார்கள். அப்படியானால் பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன பதில்? 2023 இலையுதிர்காலத்தில் கனடிய மனித உரிமை ஆணைக்குழு ஓர் ஆய்வுரையில், மதம் சார்ந்த சட்டபூர்வ விடுமுறைகள் கிறிஸ்தவத்துக்கு மட்டுமே இருப்பதை மதப் பாகுபாட்டுக்கு உதாரணமாகக் காட்டியபோது பெரும் கோபம் எழுந்தது. கியூபெக் தேசிய சட்டமன்றம் ஒருமனதாகக் கண்டித்தது. கிறிஸ்துமஸ் இன்று மதமல்ல, மரபு என்பது அவர்கள் வாதம். அதை நான் ஏற்கிறேன். மொன்றியலில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அது நள்ளிரவுத் திருப்பலி. சைவக் குடும்பங்களிலும் பிள்ளைகளுக்காக மரம் வைப்பார்கள். புனித சூசையப்பர் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் தமிழர்களில் சைவர்களும் உண்டு. கிறிஸ்துமஸை எடுத்துவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆணைக்குழு சொன்ன உண்மை சரியாக இருந்தும், ஏதோ பறிபோகப் போகிறது என்ற அச்சத்தில் அது காதில் ஏறாமல் போனது. ஆனால் மரபு என்று ஒப்புக்கொண்டபின், அந்த மரபுக்கு வெளியே பிறந்தவர் தன் நாளுக்குக் கூலி இழப்பதை மதச்சார்பின்மையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது மறுப்பு எண்ணிக்கை. ஒருவருக்குக் கொடுத்தால் நூறு பேர் கேட்பார்கள், ஆண்டு முழுக்க விடுமுறையாகிவிடும் என்கிறார்கள். நியாயமான கவலை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பொது விடுமுறை என்பது நடக்காத காரியம், வேண்டியதுமில்லை. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்கள் இதற்கு நெடுங்காலமாகப் பழகிய வழி ஒன்று உண்டு. பொது விடுமுறைகள் போக, வரையறுக்கப்பட்ட விடுப்பு (ஆர்.எச்.) என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் தனக்கு வேண்டிய இரண்டு நாளை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். யார் எந்த மதம் என்று அலுவலகம் விசாரிப்பதில்லை, ஆர்.எச். போட்டேன் என்றால் முடிந்தது. கியூபெக் சட்டத்திலும் இதற்கு ஒரு வாசல் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய வெள்ளியா, ஈஸ்டர் திங்களா என்பதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விட்டிருக்கிறார்கள். தேர்வு மட்டும் முதலாளியின் கையில்.

அந்த ஒரு நாளைத் தொழிலாளி தன் பெருநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னால் மொத்த விடுமுறை எட்டாகவே இருக்கும். பெரிய வெள்ளியன்று பூட்டியிருக்கும் அலுவலகத்தில் இது உதவாது. ஆனால் மருத்துவமனையும் முதியோர் இல்லமும் கிடங்கும் அன்று பூட்டப்படுவதில்லை; குடியேறியவர்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்வது அங்கேதான். அங்கெல்லாம் இப்போதும் கிறிஸ்துமஸ் ஷிஃப்டை ஒருவர் ஏற்று, பதிலுக்குத் தன் நாளைப் பெற்றுக்கொள்ளும் பழக்கம் சகஊழியர்களுக்குள் உண்டு. ஆனால் அது மேற்பார்வையாளரின் மனநிலையை நம்பியது. 1994 தீர்ப்பு ஆசிரியர்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஒன்பது ஆண்டு வழக்காட அவர்களுக்குச் சங்கம் இருந்ததுதான். ஏஜென்சி மூலம் வாரக் கணக்கில் வேலைக்குப் போகிறவர் உரிமை கேட்டால், அடுத்த வாரம் தொலைபேசி அழைப்பே வராமல் போகலாம். பட்டியலில் உள்ள நாளுக்கு அவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முந்தைய நான்கு வாரச் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு அவர் கணக்கில் தானாகச் சேர வேண்டும் என்பது சட்டம். அந்த இருபதில் ஒரு பங்கைத் தைப்பொங்கலுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ அவர் நகர்த்திக்கொள்ள முடிய வேண்டும்.