காணாமல் போன 4 சென்டிமீட்டர்

போன மழைக்காலத்தில் எங்கள் தெரு வேப்பமரம் சாய்ந்தது. அடிமரத்தைத் துண்டு போட்டபோது, ஒரு முழ உயரத் துண்டு ஒன்றை வாங்கி வந்தேன். உட்கார நல்ல முக்காலி ஆகும் என்று நினைத்து மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். மூன்றாவது வாரம், நடு மதியம், 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் விளிம்பிலிருந்து மையம்வரை ஒரு பிளவு! விளிம்பில் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். ஒரு ரூபாய் நாணயத்தை அதில் செருக முடிந்தது.

கோடாலி படாமலே கட்டை எப்படிப் பிளந்தது?

முதலில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையைப் பாருங்கள். பாத்திரத்தில் நிற்கும் தண்ணீரைக் கொட்டினால் கடலை சுருங்குமா? சுருங்காது. கடலைக்குள் ஊறிய தண்ணீர் காயும்போதுதான் தோல் சுருங்கும். மரமும் அப்படித்தான். கோடிக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஒட்டி நிற்பதே மரம். குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீர் முதலில் வெளியேறும். அப்போது கட்டையின் எடை குறையும், அளவு குறையாது. அடுத்துதான் குழாய்ச் சுவர்களில் ஊறிய தண்ணீர் கிளம்பும். தண்ணீர் நீங்கலாகக் கட்டையின் மரப்பொருள் மட்டும் 100 கிராம் என்றால், அதோடு உள்ள தண்ணீர் சுமார் 30 கிராமுக்குக் கீழே இறங்கும்போது இந்தக் கட்டம் வருகிறது. மரம் சுருங்கத் தொடங்குவது அங்கேதான்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்கினால் கட்டை சின்னதாகும், அவ்வளவுதான். வெடிக்காது. ஆனால் மரம் அப்படிச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அது கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்கும். வளையங்களின் சுற்றுப்போக்கில் ஏறக்குறைய 8 சதவீதம். மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறும். ஆனால் பல மரங்களில் பின்னது முன்னதைப் போல இரண்டு மடங்கு. மையத்திலிருந்து பட்டையை நோக்கி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அந்தத் திசையில் அதிகம் சுருங்கவிடாமல் அவை பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

இப்போது ஒரு கணக்கு. கட்டையின் சுற்றளவு 100 சென்டிமீட்டர். ஆரம் 4 சதவீதம் குறைந்தால், முழு வட்டமாக இருக்கக் கட்டைக்கு 96 சென்டிமீட்டர் சுற்றளவு வேண்டும். சுற்றுப்போக்கிலோ மரம் 8 சதவீதம் சுருங்கி 92 சென்டிமீட்டராகிவிட்டது. மீதி 4 சென்டிமீட்டருக்கு எங்கே போவது? அந்தப் பற்றாக்குறைதான் பிளவு! முழுக்கக் காய்ந்த உருண்டைக் கட்டைகளில் பிளவு ஏன் எப்போதும் விளிம்பில் அகலமாக இருக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய்களின் வாய் திறந்திருப்பது வெட்டிய முனைகளில். பக்கவாட்டைவிட முனை வழியாகத் தண்ணீர் பத்து மடங்கு வேகமாகக்கூட வெளியேறும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ஈர மரம் விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் முனையில் கீறல் விழுகிறது.

அதனால் மரம் அறுப்பவர்கள் வெட்டிய அன்றே முனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசிவிடுவார்கள். சாணத்தையும் மண்ணையும் குழைத்து அப்புவது பழைய வழக்கம். கட்டையை நாள்கணக்கில் போட்டுவைக்காமல் சீக்கிரமே பலகைகளாக அறுத்துவிட்டால் முழு வட்டம் உடைந்துவிடும், இழுபறியும் தளரும். பலகைகளை நிழலில், இடையிடையே ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டங்களை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குவார்கள். ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இருக்க வேண்டும். விலகினால் பலகை நெளிந்துவிடும். நான் செய்த தப்பு இதிலிருந்தே தெரிந்திருக்கும்: முனைகளை மூடவில்லை, நிழலிலும் வைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியத் தச்சர்களின் யோசனை. முழுமரத் தூணில், சுவர்ப்பக்கம் மறையும் முகத்தில், மையம்வரை ரம்பத்தால் நீளமாக ஒரு வெட்டுப் போட்டுவிடுவார்கள். காயும்போது அந்த வெட்டு விரியும். பற்றாக்குறை பெரும்பாலும் அங்கேயே போய்விடும்; கண்ணுக்குத் தெரியும் முகங்கள் பிளவில்லாமல் நிற்கும்.

ஒரு கப்பலையே பிளவிலிருந்து காப்பாற்ற வேண்டி வந்தது. சுவீடனின் 'வாசா' என்ற போர்க்கப்பல் 1628இல், முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 1961இல் மேலே தூக்கினார்கள். 333 வருடம் ஊறிய ஓக் மரம் அது! அப்படியே காயவிட்டால் சுருங்கிப் பிளந்திருக்கும். அதனால் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கரைத்து 17 வருடம் கப்பல்மேல் தெளித்தார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரைப் போல அது ஆவியாகிப் போவதில்லை.

நம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் வேறு வழியில் போகிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையின் நிழலில் நின்ற அந்த மரம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்டது. துளை போட்ட பிறகு விரிசல் விட்டுச் சுருதி கெட்டுப்போகும் பயம் குறைவு.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். கிளை கழிக்கும்போது மணிக்கட்டுப் பருமனில் ஒரு பச்சை வேப்பங்கிளை கிடைத்தால், பெரியவர்களைக் கொண்டு ஒரு சாண் நீளத்தில் மூன்று துண்டு அறுக்கச் சொல்லுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசி நிழலில் வையுங்கள். இன்னொன்றைப் பூசாமல் நிழலில் வையுங்கள். மூன்றாவது வெயிலுக்கு. தினமும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். முதல் கீறல் எந்தத் துண்டில், எத்தனையாவது நாளில், எவ்வளவு எடை குறைந்தபோது விழுந்தது என்பதைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.